செகண்ட் கியர் சர்வீஸ்

எங்கள் ஊர் டென்னிஸ் கிளப்பில் இத்தனை வருடங்களில் ஒருவர்கூட என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை. எனக்கு அங்கே இருந்த மனக்குறையே அதுதான்.

போனதும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். வெயில் கண்ணில் அடிக்காத பக்கத்தை எனக்கு விட்டுவிடுவார்கள். நான் அடித்த பந்து கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தாலும், “உள்ளதானுங்க, உள்ளதானுங்க” என்று எதிராளியே சத்தம் போடுவார். சர்வீஸ் போடும்போது ராக்கெட்டைத் தலைக்கு மேல் ஓங்குவார்கள். கடைசி நொடியில் மனம் இளகி, பந்தை மெதுவாகத் தட்டி அனுப்புவார்கள். அதை நான் திருப்பி அடித்துவிட்டால் கைதட்டு வேறு. நாற்பது வயதைத் தாண்டியவள், செத்த கோழியை அறுத்துப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள் நான். என்னை இவர்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கோழி டாக்டர். புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் இருக்கிற முட்டைக்கோழிப் பண்ணைகளில் என் கார் நிற்காத வாசல் குறைவு. தண்ணீரில் கோளாறா, தீவனத்தில் கோளாறா, இல்லை ஓனரின் கஞ்சத்தனத்தில் கோளாறா என்று ஷெட்டுக்குள் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதுதான். டென்னிஸ் நான் படிக்கிற காலத்தில் பழகியது. கல்யாணமாகித் திருச்செங்கோடு வந்ததும் ராக்கெட் பரணுக்குப் போனது. மகள் விடுதியில் சேர்ந்த வருடம் அதை இறக்கித் தூசி தட்டி, நரம்பு மாற்றிக்கொண்டு, கிளப்பில் போய் நின்றேன். பெண் உறுப்பினர் என்று அதற்கு முன்னால் யாரும் இல்லை. பிறகும் யாரும் வரவில்லை.

கிளப்பின் தலைவர் ஒரு ரிக் ஓனர். அவருடைய வண்டிகள் நாலைந்து மாநிலங்களில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கின்றன. கிளப்புக்குத் தண்ணீர் வருகிற போர்வெல்லும் அவர் இலவசமாகப் போட்டுக் கொடுத்ததுதான். குழாயைத் திறந்து முகம் கழுவுகிற ஒவ்வொருவரும் தன்னை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு, நினைத்துக்கொள்ளவும் செய்தார்கள். ஆட்டத்திலும் அவர்தான் முதல் ஆள். கிளப்பில் யாரோடு இறங்கினாலும் ஜெயித்துவிட்டுத்தான் டீ குடிப்பார். அவருடைய அண்ணனுக்குப் புதுச்சத்திரத்தில் பண்ணை இருந்தது. கோழிக்குச் சீக்கு வந்தால் நான் அவருக்கு ‘டாக்டரம்மா’. கோர்ட்டில் இறங்கிவிட்டால் ‘அம்மிணி’.

என்னோடு ஆடும்போது அவர் தவறாமல் சொல்கிற ஒரு வசனம் உண்டு. அதைக்கூட என்னிடம் சொல்ல மாட்டார். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

“அம்மிணிக்கு நான் செகண்ட் கியர்லதானுங்க போடறேன்.”

கூட்டம் சிரிக்கும். நூல் வியாபாரி ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், கல்லூரி நடத்துகிறவர் ஒருவர், இன்னும் சிலர். அவர்கள் சிரிப்பு நின்றதும் பந்து வரும், செகண்ட் கியரில். அப்படி வந்தும் நான் தோற்றேன். அதுதான் என்னை அரித்தது. முதல் அரை மணி நேரம் நான் முன்னால் இருப்பேன். பிறகு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அவர் அதற்காகவே காத்திருந்ததுபோல் பந்தை வலைக்குப் பக்கத்தில் பொத்தென்று போடுவார்; நான் ஓடிப் போவதற்குள் அது இரண்டாவது தடவை குதித்துவிடும். கடைசியில் நாலுக்கு ஆறு என்று முடியும். ஏறக்குறைய எப்போதும் நாலுக்கு ஆறு. இரக்கப்பட்டு ஆடுகிறவரிடமே இப்படித் தோற்கிறேன் என்றால், இவர் நிஜமாக ஆடினால் நான் எங்கே நிற்பேன் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போவேன்.

அவர் நிஜமாக ஆடவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதற்குக் காரணம் எங்கள் கிளப்பின் ஒரு பழக்கம். அதை அவர்களே ‘ஆபீசர் மேட்ச்’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஊருக்கு யாராவது பெரிய அதிகாரி மாற்றலாகி வந்தால், வந்த வாரமே கிளப்பிலிருந்து ஆள் போய் அழைப்பு வைப்பார்கள். அதிகாரியும் புது ஷூ மாட்டிக்கொண்டு, தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு வருவார். அவர் அந்த மாதம் முழுக்க எல்லோரையும் ஜெயிப்பார். லாரி வைத்திருக்கிறவனுக்கும் கல்லூரி வைத்திருக்கிறவனுக்கும் அதிகாரியிடம் என்றைக்காவது ஒருநாள் வேலை இருக்காதா? அந்த ஒருநாளுக்கு முன்கூட்டியே தோற்று வைப்பார்கள். மற்றவர்கள் தோற்பதில் ஒரு அவசரம் தெரியும். ரிக் ஓனர் தோற்பதுதான் கலை. ஓடுவார், வியர்ப்பார், கையை நீட்டி எட்டிப் பிடிப்பார், பந்தை வலையின் மேல்கயிற்றில் சரியாக அடித்துத் தன் பக்கமே விழ வைப்பார். “அடடடா, சார் எடம் பாத்துப் போட்டுட்டாருங்க!” என்று தொடையில் தட்டிக்கொள்வார். அதிகாரி நம்பிவிடுவார். அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை தன்னை ஒரு டென்னிஸ் வீரர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

எத்தனையோ அதிகாரிகளை இப்படிப் பார்த்து நான் மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இவ்வளவு நுணுக்கமாகத் தோற்கத் தெரிந்த மனிதருக்கு ஆட்டம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! அப்படித்தான் என் புத்தி போயிற்று.

ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன்.

“ஏனுங்ணா, ஒரே ஒரு நாள் எனக்கு முழு வேகத்துல சர்வீஸ் போடுங்களே.”

“வேண்டாமுங்க அம்மிணி. மேல கீழ பட்டுச்சுன்னா உங்க ஊட்டுக்காரருக்கு நானில்ல பதில் சொல்லோணும்?”

“பட்டாப் படட்டுமுங்க.”

“மொதல்ல மூச்சப் புடிக்கப் பழகுங்க. பொறவு பாக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. இந்த ஆளிடம் ஒரு நிஜமான ஆட்டம் ஆட வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, பூஜ்யத்துக்கு ஆறு என்று தோற்றாலும் பரவாயில்லை. எதிரில் நிற்பவள் ஒரு ஆட்டக்காரி என்று நினைத்து ஒருவர் என் மேல் ஒரு பந்தை அடிக்க வேண்டும். அதற்கு முதலில் அவர் கையில் இருக்கிற அந்த ‘மூச்சு’ என்கிற சாக்கைப் பிடுங்கியாக வேண்டும்.

அந்த ஆடி மாதம் கிளப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: ‘உடற்பயிற்சியில் கவனம் செலுத்துவதற்காக டென்னிஸிலிருந்து சில மாதங்கள் விலகியிருக்கப் போகிறேன்.’ கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. ‘மேடம் ஸ்லிம் ஆகப் போறாங்க’ என்று மருந்துக்கடைக்காரர் போட்டார். ‘வீட்டுச் சமையலைக் குறைத்தால் போதுமே’ என்றது இன்னொன்று. கடைசியாகத் தலைவர் எழுதினார்: ‘உடம்பப் பாத்துக்கங்க அம்மிணி. கோர்ட் எங்கயும் போயிராது.’ அதற்கு எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

என் வீட்டுக்காரர் நல்லவர். அவர் சொன்னது இதுதான்: “அதான் உனக்கு விட்டுக் குடுத்து ஆடறாங்களாமே. சந்தோசமா ஆடிட்டு வர வேண்டீதுதான?” அவருக்கு அன்றைக்கு இரண்டாவது தடவை காப்பி கிடைக்கவில்லை.

ஜிம் என்பது எங்கள் ஊரில் ஒரு ரிக் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே கம்ப்ரசரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மேலே டம்பெல்கள் கடகடவென்று ஆடும். நாலு சுவரிலும் கண்ணாடி. வாலிபர்கள் ஒரு தடவை தூக்குவார்கள், பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய், தூக்கியதில் ஏதாவது வந்திருக்கிறதா என்று சட்டைக் கையைச் சுருட்டிப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அதற்கு யாராவது இதயம் போடுகிறார்களா என்று காத்திருப்பார்கள். அதற்குள் கருவி சூடு ஆறிவிடும், ஆளும் ஆறிவிடுவார்.

பயிற்சியாளர் உடம்போடு ஒட்டிய பனியன் போட்ட இளைஞர். வாயைத் திறந்தால் மோட்டிவேஷன். “லேடீஸ் டைம் பதினொண்ணுல இருந்து பன்னெண்டுங்க மேடம். சமையல முடிச்சுப்போட்டு வர செரியா இருக்கும்” என்றார். பதினொரு மணிக்கு நான் ஏதாவது ஒரு ஷெட்டில் கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பேன் என்றேன். முகம் சுளித்து, விசேஷச் சலுகையாக விடியற்காலையில் வரச் சொன்னார். போனேன். டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். நாற்காலி! இந்த ஊரில் ஒரு பெண் எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் ஒரு நாற்காலி போய் நின்றுகொள்கிறது.

எடை தூக்க வேண்டும் என்றேன்.

“வேண்டாமுங்க மேடம். வெயிட் தூக்குனா ஆம்பளையாட்ட ஆயிருவீங்க.”

“நீங்க இத்தன வருசமாத் தூக்கறீங்க. உங்களுக்கே இன்னும் அப்படி ஒண்ணும் ஆகலீங்களே தம்பி?”

அதற்குப் பிறகு அவர் என்னிடம் மோட்டிவேஷன் பேசுவதை விட்டுவிட்டார். ஒரு டப்பாவைக் காட்டி வாங்கச் சொன்னார். புரோட்டீன் பவுடர். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன், சோயா. அதே சோயாவைத்தான் என் கோழிகள் மூட்டை மூட்டையாகத் தின்கின்றன. அவை பதிலுக்கு முட்டையாவது போடும். இவர்கள் போட்டோதான் போடுகிறார்கள்.

முட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ஊர் ஊராக, நாடு நாடாக முட்டை அனுப்புகிற சீமை இது. அந்த மஞ்சள் கரு நல்ல நிறமாக வர வேண்டும் என்று நான் தீவனத்தில் எதை எவ்வளவு சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இந்தப் பிள்ளைகள் வேகவைத்த முட்டையை உரித்து, வெள்ளையை மட்டும் மருந்துபோல விழுங்கிவிட்டு, மஞ்சளை மாடிப்படிக்குக் கீழே படுத்திருந்த நாய்க்குப் போட்டார்கள். நாய்க்கு மேல்தோல் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தது. எலும்பு தெரியவில்லை, கண் தெளிவு, நடையில் ஒரு துள்ளல். அந்த ஜிம்மில் உண்மையிலேயே உடம்பு தேறிய ஜீவன் அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஜிம்மை நிறுத்திவிட்டு என் வழியில் இறங்கினேன். பண்ணைக்குப் போனால் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தீவன மூட்டையை நானே தூக்கிக்கொண்டு நடப்பேன். ஓனர்கள் பதறிப் போவார்கள். “டாக்டரம்மா, ஆளுங்க இருக்கறாங்கங்க, நீங்க ஏனுங்க?” என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். ஒருவர் கையில் நாற்காலியோடு ஓடி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பனமரத்துப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய் ஏரிக்கரையில் ஓடினேன். சேலத்திலிருந்து காரில் வந்து, கரையில் கொஞ்சம் நடந்து, அந்தக் களைப்புக்கு பஜ்ஜி வாங்கித் தின்று, மறுபடி காரில் போகிறவர்கள் எனக்கு வழிவிட்டு நின்று பார்த்தார்கள். “மெதுவாப் போங்க, விழுந்துரப் போறீங்க” என்றார் வாயில் பஜ்ஜியோடு ஒருவர்.

மற்ற நாட்களில் மலைப்படி. திருச்செங்கோட்டு மலையில் எல்லோரும் இப்போது வண்டியிலேயே மேலே போய் இறங்கிவிடுகிறார்கள். படியில் ஏறுகிறவர்கள் வேண்டுதல்காரர்கள்தான். நான் சுடிதாரும் ஷூவுமாக மூச்சிரைக்க ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கேட்டார்.

“என்ன வேண்டுதலுங்க சாமி? பிள்ளைக்குங்களா?”

“இல்லீங்க. ஒருத்தர ஜெயிக்கோணும்.”

அந்த அம்மாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “பங்காளிங்களா?”

பங்காளி இல்லை என்று விளக்கினால் டென்னிஸைப் பற்றி விளக்க வேண்டும். ஆமாம் என்றேன்.

“விட்டறாதீங்க சாமி. நானும் உங்களுக்காச் சொல்லி ஒரு கற்பூரம் ஏத்தறேன். அவன் வெளங்க மாட்டான்.”

இந்த மாதங்களில் ‘எதுக்குங்க உங்களுக்கு இதெல்லாம்’ என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு மண்டபத்தில் உட்காராமல் நேராக மேலே ஏறிவிட்டேன். மேலே, பெண்ணுக்குப் பாதி உடம்பையே கொடுத்துவிட்டு நிற்கிறது சாமி. அதைக் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிற இந்த ஊரில் எனக்கு ஒரு நேரான சர்வீஸ் போட ஆளில்லை என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது.

பொங்கல் முடிந்து தையில் கிளப்புக்குத் திரும்பினேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். “மேடம் எளச்சுட்டீங்களே” என்றார்கள். நான் உட்காரவில்லை. தலைவர் அப்போதுதான் நூல் வியாபாரியை ஜெயித்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, மூச்சு புடிச்சாச்சுங்க. ஆடலாமுங்களா?”

“அதுக்கென்னுங்க அம்மிணி, வாங்க.”

“செகண்ட் கியர் வேண்டாமுங்க. டாப் கியர்.”

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஆட்டம் செகண்ட் கியரில்தான் தொடங்கியது. வழக்கம்போல மிதந்து வந்த முதல் பந்தை நான் மூலைக்கு அடித்தேன். அடுத்ததையும். பழைய பந்துதான், பழைய வேகம்தான். ஆனால் இப்போது எனக்கு அதன் பின்னால் போய் நின்று, காலை ஊன்றி, நிதானமாக யோசித்து அடிக்க நேரம் இருந்தது. அரை மணி நேரம் போயிற்று. மூச்சு என்னிடமே இருந்தது. அவர் வலைக்குப் பக்கத்தில் பொத்தென்று போட்டார். பந்து இரண்டாவது தடவை குதிப்பதற்குள் நான் அங்கே இருந்தேன். மறுபடி போட்டார். மறுபடி இருந்தேன். நாலு கேம் எனக்கு, ஒன்று அவருக்கு. அந்த ஒன்றும் நான் அவசரப்பட்டதில் போனது.

அவர் கையில் கிடந்த தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டார்.

“செரிங்க, நீங்களே கேட்டுட்டீங்க. பொறவு என்னையச் சொல்லப்படாது.”

நான் பின்கோட்டுக்கு இரண்டடி தள்ளிப் போய் நின்றேன். முழங்காலை மடித்து, ராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து, பந்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றேன். இதற்காகத்தானே இத்தனை படி, இத்தனை மூட்டை. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் வளைந்து, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு அடித்தார். பந்து என் தலைக்கு மேல் எங்கோ போய்ப் பின்வேலியில் மோதியது. இரண்டாவது பந்து வலையில். அடுத்தது கூட்டத்தின் நாற்காலிக் காலில். அதற்கு அடுத்தது மறுபடி வலையின் அடியில்.

“டாக்டரம்மா, பந்து நெம்பப் பழசாட்ட இருக்குதுங்க” என்றார். கோர்ட்டில் நின்றுகொண்டு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

புதுப் பந்து டப்பாவை உடைத்தார்கள். புதுப் பந்தும் வலைக்குத்தான் போயிற்று. அவர் ராக்கெட்டின் நரம்பை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு தன் தோளைப் பார்த்தார். அந்தப் பார்வை நடிப்பில்லை. எத்தனையோ தடவை நடித்ததைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். அந்த மனிதர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். தன்னிடம் ஒரு டாப் கியர் இருக்கிறது என்று இத்தனை வருடமும் அவர் நம்பியிருந்திருக்கிறார். அதைப் போட வேண்டிய அவசியம் மட்டும் ஒருநாளும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது நான் ஓரத்தில் இருந்த நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தபோது புரிந்தது. கிளப்பின் முதல் ஆட்டக்காரர் சர்வீஸின் இரண்டு வாய்ப்பையும் கோட்டைவிட்டு வரிசையாக டபுள் ஃபால்ட் போடுகிறார். ஒரு முகத்திலாவது ஆச்சரியம் இருக்க வேண்டுமே? இல்லை. மருந்துக்கடைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்காரர் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நூல் வியாபாரி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவரிடம் ‘தோற்ற’ அதே நூல் வியாபாரி, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. போர்வெல் போட்டுக் கொடுத்தவர், நாலு இடத்தில் சொல்வாக்கு உள்ளவர், நாளைக்கு எதற்காவது தேவைப்படுகிறவர். அதிகாரிகளுக்கு அவர் ஆடிய ஆட்டத்தை இவர்கள் வருடக்கணக்காக அவருக்கே ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த ஆளைப் பார்த்தா நான் மலையேறினேன்? இவர் இரக்கம் காட்டுகிறார் என்று நினைத்தா இத்தனை நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்? செகண்ட் கியர் என்று சொல்லி அவர் எனக்குப் போட்டதெல்லாம் அவருடைய முழு ஆட்டம். அதோடு நான் நாலுக்கு ஆறு வரை போயிருக்கிறேன், கனத்த உடம்போடும் இரைக்கிற மூச்சோடும். அந்தக் கணக்குப்படி நான் அப்போதே அவருக்குச் சரிசமம். ஒருவர்கூட அதை என்னிடம் சொல்லவில்லை. நாற்காலி மட்டும் போட்டார்கள்.

மிச்ச ஆட்டத்தில் அவர் சத்தமில்லாமல் செகண்ட் கியருக்கே திரும்பினார். நானும் சத்தமில்லாமல் முடித்தேன். ஆறுக்கு ஒன்று.

வலைக்கு இரண்டு பக்கமும் நின்று கைகுலுக்கினோம். அவர் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. ஒரு நிமிடம் அந்தப் பெரிய உடம்பைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அப்போது பார்த்து நூல் வியாபாரி வாயைத் திறந்தார்.

“அண்ணனுக்குப் பெரிய மனசுங்க. இத்தன மாசம் கழிச்சு வந்திருக்கறாங்கன்னு விட்டுக் குடுத்துட்டாரு பாருங்க.”

“பின்ன? அண்ணன் நெனச்சா ஒரு கேம் உட்டிருப்பாருங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

தலைவரின் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டார். பிறகு அதை நம்பினார். அதிக நேரம் ஆகவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்தான்.

“லேடீஸ் பாருங்க. சந்தோசமாப் போவட்டும்” என்றார்.

எனக்கு இருந்த இரக்கம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. ஜெயித்தால் விட்டுக் கொடுத்தார்கள், தோற்றால் விட்டுக் கொடுத்தும் தோற்றாள். இவர்களிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அதற்கு அவர்கள் பெயரைத்தான் எழுதிக்கொள்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நிஜமான சர்வீஸ். அது இந்த கிளப்பில் யார் கையிலும் இல்லை.

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கித் திறந்து கொடுத்தேன். எனக்காகத் துடைத்துப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, இன்னொரு தடவை துடைத்து, அவருக்குப் பின்னால் போட்டேன்.

“உக்காருங்கண்ணா. நாளைக்கும் விட்டுக் குடுங்க. நாளன்னைக்கும் விட்டுக் குடுங்க. நான் தினமும் வாரேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அண்ணன் பண்ணையில் வேலை என்றார்கள். அந்தப் பண்ணையில் அன்று காலை நான்தான் இருந்தேன், அங்கே கோழிகளைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் மற்றவர்களைக் கூப்பிட்டேன். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குச் சர்க்கரை. சுவரில் அடித்துப் பழகிவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் வாட்ஸப் குழுவில் தலைவர் எழுதினார். உடற்பயிற்சியில் கவனம் செலுத்துவதற்காக டென்னிஸிலிருந்து சில மாதங்கள் விலகியிருக்கப் போகிறாராம். என் வாசகத்தையே எடுத்துப் போட்டிருந்தார். அதைக்கூடத் தானாக எழுதத் தெம்பில்லை. மஞ்சள் மூஞ்சி ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. கைகூப்புகள் வரிசையாக வந்தன. ‘இந்த வயதிலும் என்ன ஒரு அர்ப்பணிப்பு’ என்று கல்லூரிக்காரர் போட்டார். ‘அண்ணன் எங்களுக்கெல்லாம் ஒரு மோட்டிவேஷன்’ என்று மருந்துக்கடைக்காரர் போட்டார்.

எல்லோரும் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ஆடியில் அவர் எனக்கு எழுதியதைத் தேடி எடுத்து, அம்மிணியை மட்டும் அண்ணாவாக மாற்றிப் போட்டேன்.

‘உடம்பப் பாத்துக்கங்கண்ணா. கோர்ட் எங்கயும் போயிராது.’